அதே பிள்ளைக்கு மறுபடியும் பூச்சி

புழு எண்ணும் வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வர மாட்டார்கள். 1980களின் நடுவில், பழவேற்காட்டுக் கடலோரத்தில் உள்ள வைரவன்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் ஒரு சிறு குழு அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். அதன்பின் ஒவ்வொருவரும் கழித்த மலத்தைத் தனித்தனியாக வாங்கினார்கள். தண்ணீர் விட்டு அலசி வடித்து, யார் வயிற்றிலிருந்து எத்தனை புழு வந்தது என்று ஆள்வாரியாக எழுதி வைத்தார்கள். அறிவியல் கட்டுரைகளில் நாற்றத்துக்கு இடமில்லை. அதனால் அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதை நாமேதான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

ஹாஸ்வெல்-எல்கின்ஸ், எல்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களும் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் ஆண்டர்சனும் இதை நடத்தினார்கள். 1986 முதல் 1988 வரை வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகளில் பழவேற்காடு ஏரியும் வைரவன்குப்பமும் பெயரோடு இருக்கின்றன. உலகில் எந்த மூலையில் குடற்புழுவைப் பற்றிப் படிக்கிற மாணவரும் ஒருநாள் இந்த ஊரின் பெயரைக் கடந்துதான் போக வேண்டும். ஆனால் அதே ஏரியின் மேற்குப் பக்கத்தில், கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எளாவூர் சோதனைச் சாவடியில் கேட்டால், மீன் எங்கே மலிவு என்று சொல்ல ஆள் உண்டு, இந்த ஆய்வைக் கேள்விப்பட்டவர் கிடைப்பது சந்தேகம்.

அப்படி அவர்கள் எண்ணிக் கண்டது என்ன?

அதற்கு முதலில் உருளைப்புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பாட்டிமார் நாக்குப்பூச்சி என்று சொன்னது இதைத்தான். மண்ணெண்ணெய் விளக்கின் திரி அளவு தடிமன், பெண் புழு ஒரு சாணுக்கு மேலும் வளரும். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டை இடுகிறது. முட்டை மலத்தோடு வெளியே வந்து, ஈர மண்ணில் சில வாரம் முதிர்ந்த பிறகுதான் நோய் பரப்பும் தகுதி பெறுகிறது. நகத்தடியில் ஒட்டிய மண்ணோடு, கழுவாத கீரையோடு, தரையில் விழுந்து எடுத்துத் தின்ற முறுக்கோடு அது இன்னொரு வாய்க்குள் போகிறது. குடலில் பொரிந்த குஞ்சுப்புழு அங்கேயே தங்குவதில்லை. குடல்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து மூச்சுக்குழாயில் ஏறி, தொண்டைக்கு வந்து, இருமலோடு விழுங்கப்பட்டு மறுபடியும் குடலுக்கு வந்து சேர்கிறது. இத்தனை ஊர் சுற்றிவிட்டுத்தான் குடித்தனம் தொடங்குகிறது. 1922இல் ஜப்பானிய மருத்துவர் கோய்னோ 2,000 முட்டைகளைத் தானே விழுங்கி, சில நாளில் தன் சளியில் குஞ்சுப்புழுக்களைக் கண்டு இந்தப் பயணத்தை உறுதி செய்தார். தன் தம்பிக்குப் பன்றிப் புழுவின் முட்டைகளைக் கொடுத்தார் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. தம்பி என்ன சொன்னார் என்று பதிவில்லை.

இதில் நமக்கு முக்கியமானது ஒன்று. இந்தப் புழு வயிற்றுக்குள் பெருகுவதில்லை. கிருமி ஒன்று புகுந்து கோடியாவதைப்போல, ஒரு புழு உள்ளே குட்டிபோட்டு நூறாவதில்லை. இட்ட முட்டை வெளியே மண்ணுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு பிள்ளையின் வயிற்றில் 40 புழு இருந்தால், அந்தப் பிள்ளை குறைந்தது 40 முதிர்ந்த முட்டைகளை விழுங்கியிருக்கிறது, அந்த 40 குஞ்சுகளும் கல்லீரலையும் நுரையீரலையும் தாண்டிப் பிழைத்து வந்திருக்கின்றன என்று பொருள். எண்ணிக்கைக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு. புழு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் ஊரில் பாதிக்கு மேல் ‘இருக்கிறது’ என்று வந்து நிற்கும். எத்தனை என்று கேட்டால்தான் கதை தொடங்கும்.

கதை இதுதான்: புழுக்கள் ஊருக்குள் சமமாகப் பரவியிருக்கவில்லை. பெரும்பாலோர் வயிற்றில் ஒன்று, இரண்டு, ஐந்து. சிலர் வயிற்றில் மட்டும் கூட்டம் கூட்டமாக. உலகில் எங்கே எண்ணினாலும் ஏறத்தாழ இதே கணக்குதான் வருகிறது. ஊரில் ஐந்தில் ஒருவர் வயிற்றில், ஊரின் மொத்தப் புழுக்களில் முக்கால் பங்கு குடியிருக்கிறது. சொத்துப் பங்கீட்டைப் போலத்தான் புழுப் பங்கீடும். சராசரி என்பது இங்கே ஏமாற்று வேலை. ‘இந்த ஊரில் ஆளுக்குச் சராசரியாக இத்தனை புழு’ என்று எழுதினால், அந்த எண்ணிக்கையில் புழு உள்ளவர் ஊரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இதுவரை வியப்பில்லை. அதிர்ஷ்டக்கட்டை யாரோ அவருக்கு அதிகம் என்று விட்டுவிடலாம். வைரவன்குப்பத்து ஆய்வாளர்கள் விடவில்லை. மருந்து கொடுத்து வயிற்றைச் சுத்தமாக்கிய பிறகு எல்லாரையும் பழையபடி வாழ விட்டார்கள். அதே மணல், அதே கிணறு, அதே வெளிக்குப்போகும் இடம். புழுக்கள் மறுபடி வந்து சேர அவகாசம் கொடுத்து, இரண்டாம் முறை மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் முறையும் எண்ணினார்கள். அதிர்ஷ்டம்தான் காரணம் என்றால் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல இம்முறை வேறு ஆட்கள் கையில் அதிகம் விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை. முதல் முறை அதிகம் வைத்திருந்தவர்களிடமே மறுபடியும் அதிகம் சேரும் போக்கு தெரிந்தது. குறைவாக இருந்தவர்களிடம் குறைவு. உருளைப்புழுவில் மட்டும் அல்ல, கொக்கிப்புழு, சாட்டைப்புழு, ஆசனவாயில் அரிக்கும் கீரிப்பூச்சி என்று நான்கிலும். 1987இல் ‘பாராசிட்டாலஜி’ இதழில் வந்த கட்டுரையின் தலைப்பே தென்னிந்திய மீனவச் சமூகம் ஒன்றில் மனிதர்களுக்குப் புழுத்தொற்றின் மீதுள்ள முன்சாய்வு பற்றியது.

முன்சாய்வு என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் வேறு பெயர் இருக்கிறது. ‘இதுக்கு மட்டும் பூச்சி விடவே மாட்டேங்குது சிஸ்டர்.’ கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலிலும் இந்த வாக்கியம் காதில் விழும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளோடு வந்த தாய் சொல்வது. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தெருப்புழுதி. பெரியவன் ஒரு முறைகூட வயிற்றுவலி என்று படுத்ததில்லை. சின்னதுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் கடிப்பு, வெளுத்த முகம், உப்பிய வயிறு. அவள் கேட்பது நியாயமான அறிவியல் கேள்வி. அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் வசவு. ‘நகம் வெட்டி விடுறியா? மண்ணைத் திங்க விடுறியா? இனிப்பு நிறையக் குடுக்கிறியா?’ (இனிப்புக்கும் புழுவுக்கும் தொடர்பே இல்லை. புழு வருவது முட்டையிலிருந்து, மிட்டாயிலிருந்து அல்ல. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் இந்த ஒரு தவறான நம்பிக்கையால் மிட்டாயை இழந்தார்களோ.)

வசவில் கொஞ்சம் உண்மையும் உண்டு. முன்சாய்வுக்கு மூன்று விளக்கங்கள் சொல்லலாம். ஒருவர் மற்றவர்களைவிட அதிக முட்டை விழுங்கும்படியான பழக்கமோ இடமோ அமைந்திருக்கலாம்: மண் தின்னும் பிள்ளை, கழிவுநீர் தேங்கும் மூலையில் உள்ள வீடு. ஊட்டம் குறைந்த உடலாக இருக்கலாம். அல்லது எல்லாரும் ஒரே அளவு விழுங்கினாலும், சிலர் உடல் குஞ்சுப்புழுவை வழியிலேயே முடித்துவிடுகிறது, சிலர் உடல் விட்டுவிடுகிறது. இந்த மூன்றாவது பரம்பரையாக வரக்கூடியது. வைரவன்குப்பத்தில் புழுவை எண்ணியதால் முன்சாய்வு இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குள் பரம்பரையின் பங்கு எவ்வளவு என்பதைப் புழுவை மட்டும் எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. உறவுமுறையையும் எண்ண வேண்டும்.

அந்தக் கணக்கு நடந்த இடம் நேபாளம். காத்மாண்டுவுக்குக் கிழக்கே, எவரெஸ்ட்டுக்கு நடந்து போகிறவர்கள் ஒருகாலத்தில் பயணம் தொடங்கிய ஜிரி என்ற ஊர். அங்கே ஜிரெல் என்ற சிறிய இனக்குழு வாழ்கிறது. தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பவர்கள். அதனால் கிட்டத்தட்ட அத்தனை பேரையும் ஒரே பெரிய வம்சாவளியில் கோத்துவிட முடிந்தது. சாரா வில்லியம்ஸ்-பிளாஞ்சரோவும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வம்சாவளியைச் சேர்ந்த 1,261 பேரின் உருளைப்புழுச் சுமை கணக்கிடப்பட்டிருக்கிறது.

உறவை வைத்து மரபணுவை எப்படி எடைபோடுவது? நமக்கு இது புரிவது எளிது, உறவுமுறை தெரியாத தமிழர் இல்லை. அண்ணன் தம்பி இருவரும் மரபணுவில் சுமார் பாதியைப் பகிர்கிறார்கள். மாமனும் அக்கா மகளும் கால் பங்கு. அத்தை மகனும் மாமன் மகளும் அரைக்கால் பங்கு. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்றாலும் மரபணுவில் அந்நியர்கள். (நம் ஊரில் இதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்ல வேண்டும். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியவர்கள் இந்தக் கணக்கைக் குழப்பிவிடுவார்கள்.) இப்போது இரண்டு வரிசைகளை ஒப்பிடலாம். ஒரே வீட்டில் வாழும் உறவில்லாதவர்களின் புழு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, அல்லது வெவ்வேறு வீட்டில் வாழும் நெருங்கிய இரத்த உறவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா? முதலாவது என்றால் வீடும் சுற்றுப்புறமும் காரணம். இரண்டாவது என்றால் இரத்தம். ஜிரியில் இரண்டாவதுதான் ஓங்கி நின்றது. ஆளுக்கு ஆள் புழுச்சுமையில் தெரிந்த வேறுபாட்டில் 30 முதல் 50 விழுக்காடு வரை மரபு வழியானது என்று கணக்கு வந்தது. ஒரே வீட்டில் வாழ்வதன் பங்கு அதைவிட வெகு குறைவு.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட விழுக்காடுகளை நாளிதழ்கள் படுத்தும் பாடு சொல்லி முடியாது. ‘புழுத்தொல்லைக்குப் பாதிக் காரணம் மரபணு’ என்று தலைப்பு வரும். அது தவறு. ஏன் தவறு என்பதைப் பழவேற்காடு மீனவரிடமே கற்கலாம்.

ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. இறாலும் மீனும் நன்றாகப் படும் இடங்களை ஒருவரே பிடித்துவைத்துக்கொள்ளாமல், எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறைபோட்டுப் பங்கிடும் பழைய ஏற்பாடு. இந்த முறை ஒழுங்காக நடக்கும் ஊரில், வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் எல்லாருக்கும் நல்ல இடமும் கெட்ட இடமும் ஒரே அளவு கிடைத்திருக்கும். அப்படியும் இரண்டு குடும்பங்களின் வரவில் வேறுபாடு இருந்தால் அது வலையின் நேர்த்தியாலும் கைப்பக்குவத்தாலும் வந்தது. அங்கே ‘வேறுபாட்டில் பெரும்பங்கு கைப்பக்குவம்’ என்று சொல்லலாம். பாடு முறை இல்லாத இடத்தில், வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால், வேறுபாட்டில் பெரும்பங்கு இடத்தால் வந்ததாகிவிடும். வலை மாறவில்லை, கையும் மாறவில்லை. விழுக்காடு மட்டும் மாறிவிட்டது. ஏரி வற்றிப்போன வருடத்தில் இரண்டுமே பேச்சில்லை, யாருக்கும் மீன் இல்லை.

ஜிரியில் மரபின் பங்கு பெரிதாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், அங்கே எல்லாரும் ஏறத்தாழ ஒரே வகை மண்ணில் ஒரே வகையாக வாழ்ந்தார்கள் என்பதும்தான். அதே மக்களில் பாதிப் பேருக்கு மட்டும் கழிப்பறையும் குழாய்த்தண்ணீரும் வந்துவிட்டால் விழுக்காடு சட்டென்று இறங்கிவிடும். எல்லாருக்கும் வந்துவிட்டால் முட்டையே இல்லை, எவ்வளவு பலவீனமான மரபணுவாக இருந்தாலும் புழு இல்லை.

சரி, மரபணு என்ன செய்கிறது? 2002இல் அதே குழு ஜிரெல் மக்களின் டிஎன்ஏவைத் தேடியபோது 1ஆவது, 13ஆவது குரோமோசோம்களில் இரண்டு பகுதிகள் புழுச்சுமையோடு சேர்ந்து நடப்பது தெரிந்தது. 13ஆவதில் உள்ள பகுதிக்கு அருகே, எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் ‘பி’ அணுக்களை ஊட்டி வளர்க்கும் ஒரு மரபணு இருக்கிறது. ஆக, நோய் எதிர்ப்புப் படையின் கிடங்குப் பக்கம்தான் தடம் போகிறது.

புழுவுக்கு எதிரான போர் மற்றப் போர்களைப் போன்றது அல்ல. பாக்டீரியாவை வெள்ளணு விழுங்கிவிடும். ஒரு சாண் புழுவை எந்த அணு விழுங்கும்? அதற்கு உடல் வேறொரு தந்திரம் வைத்திருக்கிறது. இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற இரண்டு சமிக்ஞைப் பொருள்கள் ஊர் முரசு போல அறைகின்றன. அதைக் கேட்டுக் குடல்சுவரில் சளி சுரக்கும் அணுக்கள் பெருகுகின்றன, நீர் கசிகிறது, குடல் தசைகள் வேகமாக அசைகின்றன. வழுக்கிய தரையில் வெள்ளம் விட்டு வீட்டைக் கழுவுவது போல. இன்னொரு பக்கம் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதமும் இயோசினோஃபில் என்ற வெள்ளணுவும் குஞ்சுப்புழு நுரையீரலைக் கடக்கும் வழியிலேயே அதைச் சூழ்ந்துகொள்கின்றன. முரசு எவ்வளவு சத்தமாக ஒலிக்கும், அந்தச் சத்தம் அணுவுக்குள் எவ்வளவு தெளிவாகப் போய்ச்சேரும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மரபணுவில் சற்றே மாறுபட்டு எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் எழுத்து வேறுபாடு. ஒரே ஒரு மரபணு இதைத் தீர்மானிப்பதில்லை. பல சின்னஞ்சிறு சாய்வுகள் கூடித்தான் அந்த ‘விடமாட்டேங்குது’ உண்டாகிறது.

குழந்தைகளின் குடலைப் பிடிக்கும் ஒட்டுண்ணிகளில் புழுவைவிடச் சிறியவையும் உண்டு. கண்ணுக்குத் தெரியாதவை. அமீபா அவற்றில் பேர்போனது, சீதபேதி தருவது. டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் ஒரு விந்தையைச் சொன்னார்கள். லெப்டின் என்பது உடல் கொழுப்பிலிருந்து சுரந்து, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சேதி சொல்லும் பொருள். அந்தச் சேதியை வாங்கும் புரதத்தில் 223ஆவது இடத்தில் சிலருக்கு குளூட்டமின், சிலருக்கு ஆர்ஜினைன். ஆர்ஜினைன் வடிவத்தைச் சுமக்கும் பிள்ளைகளுக்கு அமீபாத் தொற்று ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். பசிக்கும் பேதிக்கும் என்ன உறவு? லெப்டின் குடல்சுவரிலும் வேலை செய்கிறது. அமீபா வந்து தொட்டதும் சுவரணுக்கள் செத்துவிழாமல் தாங்கிப்பிடிக்கும் வேலை. இளைத்த பிள்ளைக்குக் கொழுப்பு குறைவு, ஆகவே லெப்டினும் குறைவு. அதன்மேல் சேதியைச் சரியாக வாங்காத மரபணுவும் சேர்ந்தால் சுவர் இடிகிறது. தேறாத பிள்ளைக்குத்தான் எல்லா நோயும் வரும் என்று கிராமத்தில் சொல்வது வெறும் புலம்பல் இல்லை போலிருக்கிறது. இந்த ஓர் ஆய்வில் சோறும் மரபணுவும் எதிரெதிரே நிற்கவில்லை, ஒரே கதவின் இரண்டு கீல்களாக நிற்கின்றன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது.

வேலூரும் இந்தக் கதையில் வருகிறது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும் பிறந்த நாள்முதல் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வயிற்றுப்போக்கின் காரணங்களைத் தேடியவர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் மூன்று வயதுக்குள் தொட்டுவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அது குளோரினுக்கு அசராது. சரி, நல்ல தண்ணீர் கொடுத்தால்? சில குடும்பங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டில் தண்ணீரே குடிக்கக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. நகராட்சித் தண்ணீர் குடித்த பிள்ளைகளைவிட அவர்களுக்குத் தொற்று குறையவில்லை. தண்ணீர் ஒரு வழி, அவ்வளவுதான். கைகள், தரை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று மற்ற வழிகள் திறந்தே கிடந்தன.

எல்லாருக்கும் தொற்றுகிறது என்றால், எல்லாரும் ஒரே மாதிரி படுத்துவிடுகிறார்களா? இல்லை. சில பிள்ளைகளுக்கு மலத்தில் கிருமி இருக்கும், பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். சிலதுக்குப் பேதி நிற்காது. 2020இல் வங்கதேசப் பிள்ளைகளின் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய ஓர் ஆய்வு, புரதக் கைனேஸ் சி ஆல்ஃபா என்ற நொதிக்கான மரபணுவில் ஒரு வேறுபாட்டைக் காட்டியது. அந்த ஆபத்தான வடிவத்தின் ஒவ்வொரு பிரதிக்கும், முதல் வயதில் இந்த ஒட்டுண்ணியால் பேதி வரும் வாய்ப்பு 2.4 மடங்காகிறது. குடல் அணுவுக்குள் ஒட்டுண்ணி நுழைவதற்கு இந்த நொதி வழிவிடுகிறதா என்பது அடுத்த கேள்வி. விடை ஆம் என்றால் அந்த வழியை அடைக்கும் மருந்தைத் தேடலாம். இப்படிப்பட்ட மரபணு வேட்டையின் நேரடிப் பயன் அதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் டிஎன்ஏ சோதித்துச் சீட்டுக் கொடுப்பது யாருடைய திட்டமும் அல்ல.

அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் கடுமையாகச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மரபு என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் சிலருக்குச் சாதி நினைவுக்கு வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் ஏரிக்கரையின் இருளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்குப் பூச்சி அதிகம் என்றாலோ, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நெருக்கியடித்துத் தங்கும் தகரக் கொட்டகையில் அதிகம் என்றாலோ, ‘அவங்க உடம்பு வாகு அப்படி’ என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். வைரவன்குப்பமும் ஜிரியும் சொன்னது அதற்கு நேர்மாறானது. அங்கே எல்லாரும் ஒரே சமூகம், ஒரே தொழில், ஒரே மணல். அதற்குள்ளேதான், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவேதான், வேறுபாடு தெரிந்தது. ஒரு குடியிருப்புக்கும் அடுத்த குடியிருப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க மரபணுவைத் தேட வேண்டாம். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

இனி, இந்த முன்சாய்வைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? 1980களில் ராய் ஆண்டர்சன் போன்றவர்களுக்கு ஒரு யோசனை இருந்தது. ஊரின் முக்கால்வாசிப் புழு ஐந்தில் ஒருவரிடம் இருக்கிறது, அதே ஆளிடம் திரும்பத் திரும்பச் சேர்கிறது என்றால், அவர்களை மட்டும் தேடிப்பிடித்து மருந்து கொடுத்தாலே ஊரின் மண்ணில் விழும் முட்டை பெருமளவு குறையுமே. கணக்கில் அழகான யோசனை. நடைமுறையில் அந்த ஐந்தில் ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க எல்லாருடைய மலத்தையும் சோதிக்க வேண்டும். மாத்திரை விலையைவிடச் சோதனைச் செலவு பல மடங்கு. ஆகவே உலகம் எதிர்ப்பக்கம் போனது: கேள்வி கேட்காமல் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு மாத்திரை. இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் வரும் தேசியக் குடற்புழு நீக்க நாள் அந்த வழிதான். 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குள் என்றால் பாதி. எளாவூர் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் டீச்சர் முன்னாலேயே சப்பித் தின்ன வைக்கும் அந்த மாத்திரை.

அல்பெண்டசோல் உருளைப்புழுவை நன்றாகவே ஒழிக்கும். சாட்டைப்புழுவிடம் ஒற்றை மாத்திரை அவ்வளவாகச் செல்லாது. கொக்கிப்புழு விஷயத்தில் வேறொரு சிக்கல். அது பெரும்பாலும் வாய் வழியாக அல்ல, வெறுங்காலின் தோல் வழியாக நுழைகிறது. வயலில் நிற்கும் பெரியவர்களிடம்தான் அதிகம் சேர்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் அப்பனிடமிருந்தும் தாத்தனிடமிருந்தும் மண்ணுக்கு முட்டை போய்க்கொண்டே இருக்கும். பெரியவர்களையும் சேர்த்து ஊருக்கே மருந்து கொடுத்தால் பரவலை அறுத்துவிட முடியுமா என்று பார்க்க, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வை நடத்தியது. ஆப்பிரிக்காவில் பெனினும் மலாவியும் அதன் மற்ற இரண்டு இடங்கள்.

மாத்திரை எதுவானாலும், விழுங்கிய அன்று வயிற்றில் இருப்பதைத்தான் அது தீர்க்கும். அடுத்த வாரம் விழுங்கும் முட்டைக்கு அது காவல் இல்லை. இங்கேதான் மரபு வேறுபாடு மறுபடி தலைகாட்டுகிறது. மருந்து தின்ற அன்று எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான், எல்லா வயிறும் காலி. மூன்று மாதம் கழித்துச் சிலது பழைய நிலைக்கு ஓடிக்கொண்டிருக்கும், சிலது காலியாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து அடுத்த மாத்திரை வரும்போது, முன்சாய்வுள்ள பிள்ளை பாதி நாளைப் புழுவோடு கழித்திருக்கும். அந்தத் தாய் மறுபடியும் சிஸ்டர் முன்னால் நிற்பாள். அவளிடம் ‘நீ ஒழுங்கா பார்த்துக்கல’ என்று சொல்வதைவிட, ‘சில பிள்ளைக்கு இது சீக்கிரம் திரும்பி வரும்மா, மூணு மாசத்துல ஒரு தடவ மலம் சோதிச்சுப் பார்த்துக்கலாம்’ என்று சொல்வது அறிவியலுக்கு நெருக்கமானது. ஊருக்கே அல்ல, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் என்பதால் செலவும் ஒன்றும் பெரிதில்லை.

இவ்வளவு நேரம் புழுவுக்கு இடம்கொடுக்கும் மரபணுவைப் பற்றியே பேசிவிட்டேன். இடம்கொடுக்காத மரபணுவின் கதை இன்னும் விசித்திரமானது. மேலே சொன்ன முரசின் சத்தத்தை அணுவின் உட்கருவரை எடுத்துச்செல்லும் தூதுவன் ஒருவன் உண்டு, ஸ்டாட்6 என்று பெயர். அந்த மரபணுவின் ஒரு வடிவத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பிருப்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. 2004இல் வந்த ஓர் ஆய்வு அதே வடிவத்தைச் சீனாவில் உருளைப்புழு உள்ள மக்களிடம் தேடியது. அந்த வடிவம் இருந்தவர்களிடம் புழு குறைவாக இருந்தது.

சளி பெருகுதல், ஐஜிஈ, இயோசினோஃபில், தசைச் சுருக்கம்: புழுவை விரட்ட உடல் வைத்திருக்கும் ஆயுதப் பட்டியலையும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயில் நடப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக ஒன்றாக இருக்கின்றன. புழு இருந்த பல்லாயிரம் ஆண்டுகளில் முரசைச் சத்தமாக அடிக்கத் தெரிந்த உடல் பிழைத்தது. இப்போது எதிரி மெல்ல மெல்ல ஊரைவிட்டுப் போகிறான். படை போகவில்லை. தூசியும் மகரந்தமும் வந்தால் அவற்றின்மேல் பாய்கிறது.

வைரவன்குப்பத்தில் அன்று மருந்து குடித்தபோது ஒன்றிரண்டு புழுவோடு, அல்லது புழுவே இல்லாமல், தேர்ச்சி பெற்ற பிள்ளைகள் இருந்தார்கள். ஊரே பொறாமைப்பட்டிருக்கக்கூடிய வயிறுகள். அவர்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும், சிலருக்குப் பேரப்பிள்ளைகளே வந்திருப்பார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருடைய பள்ளிப்பையில் இன்ஹேலர் இருக்கிறது என்று யாராவது போய் எண்ணிப்பார்க்கலாம். புழு எண்ணுவதைவிட அது சுத்தமான வேலை.